மீட்டர்காரர் வளர்த்த புல்லுருவி

"ஒண்ணு கூட இல்ல," என்றார் மேடம், மாமரத்தை அண்ணாந்து பார்த்தபடி.

"நல்லாப் பாருங்க மேடம். அந்த மேற்குக் கிளையில ஏதோ கொத்தாத் தெரியுதே?" ஏணியின் உச்சியில் நின்ற மீட்டர்காரர் கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"அது காக்கா கூடு."

"அதுக்குக் கீழ?"

"அது உங்க சட்டை. கொடியிலேர்ந்து பறந்து போச்சுன்னு தேடிட்டு இருந்தீங்களே, அதான்."

மேடம் பைனாகுலரைக் கண்ணிலிருந்து இறக்கினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"உங்க மரத்துல புல்லுருவி அடியோட ஒழிஞ்சுடுச்சு. வாழ்த்துக்கள்."

வாழ்த்தைக் கேட்டு இப்படித் தொங்கிப்போன முகத்தை அந்த மாமரம் அதற்கு முன் பார்த்திருக்காது. மீட்டர்காரர் ஏணியிலிருந்து இறங்கினார் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. உண்மையில் வடிந்தார்.

"அப்ப இனிமே..."

"இனிமே எனக்கு இங்க வேலை இல்ல. சுத்தமான மரத்தை ஆய்வு பண்ணக் கூடாது. விதி பத்தொன்பது."

"டீ போட்டு வெச்சிருக்கேனே."

"டீக்கு விதி எதுவும் குறுக்கே நிக்கல."

மேடம் உட்கார்ந்து குடித்தார். டீ ஆறியது, ஆடை கட்டியது, அதன்மேல் ஒரு எறும்பு நடந்துகூடப் பார்த்தது. அப்போதும் கோப்பையில் பாதி மிச்சம் இருந்தது. அவ்வளவு மெதுவாக ஒரு டீயைக் குடிக்க முடியும் என்று மீட்டர்காரருக்கு அன்றுதான் தெரிந்தது.

மீட்டர்காரர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் பார்த்ததில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, பழைய பெயர் உதிர்ந்துவிட்டது. "மீட்டர்!" என்று வாசலில் ஒரு குரல் கொடுத்தால் திறக்காத கதவே அந்தப் பேட்டையில் கிடையாது. எந்த வீட்டு மீட்டர் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், எந்த வீட்டு நாய் குரைக்கிற மாதிரி நடித்துவிட்டு வாலை ஆட்டும், எந்த வீட்டு மாமியார் மருமகள் காதில் விழுகிற மாதிரி அவரிடம் குறை சொல்வார், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

அப்புறம் மீட்டர்கள் படித்து முன்னேறிவிட்டன. தங்களைத் தாங்களே பார்த்து, தாங்களே கணக்கை அனுப்பிவிடும் அளவுக்கு அவற்றுக்கு அறிவு வளர்ந்ததும், அவரை வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் அவர் மனைவியும் போய்ச் சேர்ந்தாள். அதன்பின் அந்த வீட்டில் குரல் என்று எழுப்பக்கூடியது பிரிட்ஜ் ஒன்றுதான். அதுவும் எந்நேரமும் உம்மென்றுதான் இருக்கும்.

வெளியூரில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள்.

"அப்பா, சாப்டீங்களா?"

"சாப்டேன்மா."

"மாத்திரை?"

"போட்டுட்டேன்."

"வேற என்னப்பா?"

இந்த 'வேற என்ன' இருக்கிறதே, அதுதான் கஷ்டமான கேள்வி. வாரம் முழுக்கத் தேடினாலும் அதற்குப் பதில் கிடைக்காது. "வேற ஒண்ணுமில்லம்மா" என்பார். போன் வைக்கப்படும்.

இப்படி இருந்த வீட்டில்தான், ஒரு மத்தியானம், காலிங் பெல் அடித்தது. அதுவே ஒரு சரித்திர நிகழ்ச்சி. திறந்தால், காக்கிச் சட்டை, காதுவரை இறங்கிய தொப்பி, கழுத்தில் பைனாகுலர், வயசை வெளியே காட்டாத விறைப்பு.

"மர ஆய்வு. உங்க மாமரத்துல புல்லுருவி இருக்கு."

"இருந்தா?"

"இருக்கக் கூடாது. அது மண்ணுல முளைக்காது. அடுத்த மரத்துக் கிளையில ஏறி உக்காந்து, அந்த மரத்தோட தண்ணியவே உறிஞ்சிக் குடிக்கும். விட்டா உங்க மரத்தையே சாப்பிட்டுடும்."

"அய்யய்யோ. இப்பவே வெட்டிப் போட்டுடறேன்."

"கூடாது!" மேடம் போட்ட அதட்டலில் காக்கை பறந்தது. "எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுத்தா மரம் அதிர்ச்சியில பட்டுப்போயிடும். ஒரு தடவைக்கு ஒரு கொத்துதான். விதி ஏழு."

மரத்தில் கொத்துகளுக்குப் பஞ்சமே இல்லை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை மேடம் பஸ்ஸில் வந்து இறங்குவார். ஜீப் ரிப்பேராம். அரசாங்க ஜீப் என்றால் அப்படித்தானே. கீழே நின்று பைனாகுலரில் பார்த்து, "இடது பக்கம்... இன்னும் கொஞ்சம்... உங்க இடது இல்ல, என் இடது" என்று ஆணையிட, மீட்டர்காரர் ஏணிமேல் நின்று கொக்கிக்கம்பால் ஒரு கொத்தை அறுத்துப் போடுவார். பிறகு டீ.

முதல் தடவை, "டூட்டில டீ கூடாது, விதி நாலு" என்று மறுத்துவிட்டார். அடுத்த தடவை நின்றுகொண்டே குடித்தார். அதற்கடுத்த தடவை, உட்கார்ந்து குடித்தால் அது டூட்டி நேரத்தில் சேராது என்று விதி நாலுக்கே ஒரு உட்பிரிவு இருப்பதாகச் சொல்லி உட்கார்ந்தார். அதற்காக மீட்டர்காரர் வீட்டிலிருந்த இரண்டாவது நாற்காலியைக் காலி செய்தார். அதன்மேல் வருஷக்கணக்கில் பழைய பேப்பர்தான் உட்கார்ந்திருந்தது.

பேச்சு பெரிதாக ஒன்றுமில்லை. இவர் மீட்டர் பார்த்த வீடுகளைச் சொல்வார், அவர் ஆய்வு பண்ணிய மரங்களைச் சொல்வார். பீரோவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு அரை நாள் வெளியே வரமுடியாமல் இருந்த கதையை மீட்டர்காரர் சொன்னபோது மேடம் சிரித்த சிரிப்பில் தொப்பி நழுவி மூக்கில் விழுந்தது. ஒரு கையால் அவசரமாகத் தூக்கிச் சரியாக வைத்துக்கொண்டார். சொந்த வீட்டு விஷயம் இரண்டு பேரும் பேசினதில்லை.

இப்போது அந்தக் கடைசி கொத்தும் போயாயிற்று. அந்தக் கடைசி டீயும் ஒருவழியாகத் தீர்ந்தது.

கேட்டருகே மேடம் நின்றார். "ஒருவேளை திரும்ப முளைச்சா, ஆபீஸுக்கெல்லாம் போன் பண்ணாதீங்க. அங்க ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. கேட்டுல ஒரு வெள்ளைத் துணி கட்டுங்க. நான் இந்தப் பக்கமா பஸ்ல போறப்ப பாத்துப்பேன்."

"அது எந்த விதி மேடம்?"

"இருபத்திரண்டு," என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

பழைய பேப்பர் மறுபடி நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வேறு யாராவதாக இருந்தால் மறுநாளே ஒரு துண்டைக் கிழித்துக் கேட்டில் கட்டியிருப்பார்கள். மீட்டர்காரரால் முடியவில்லை. வாழ்க்கையில் ஒரு தரம்கூடப் பொய் ரீடிங் எழுதாத மனுஷன். மீட்டரில் என்ன ஓடுகிறதோ அதுதான் கணக்கு. மரத்தில் புல்லுருவி இருந்தால்தான் துணி. இல்லாத புல்லுருவிக்குத் துணி கட்டுவது மோசடி.

ஆகவே, நேர்மையான மனுஷன் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்ய முடிவெடுத்தார். புல்லுருவியை வளர்த்துவிடுவது.

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு கிழட்டு மரம், தன் இலை எது, வந்து ஒட்டிய இலை எது என்று தனக்கே தெரியாத நிலையில் நின்றது. அதில் புல்லுருவி காய்த்துத் தொங்கியது. மீட்டர்காரர் பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்துப்போய்ச் சிவந்த பழங்களாகப் பறித்து நிரப்பினார்.

"எதுக்குப் பெரியவரே இது?" என்றார் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர்.

"வளர்க்க."

அந்த ஆள் சற்றுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

மண்ணில் முளைக்காது என்று மேடம் சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. வெறும் மண்ணில்தானே முளைக்காது, உரம் போட்ட மண்ணில்? தொட்டி வாங்கினார். உரம் போட்டார். காலை மாலை தண்ணீர் ஊற்றினார். அக்கறையாகக் குனிந்து, "வா, வா" என்று கூப்பிடவும் செய்தார். தொட்டியில் முளைத்தது ஒரு தக்காளிச் செடி. அதுவும் உரத்தோடு வந்தது.

கடைசியில் வழி காட்டியது ஒரு குருவி. கட்டைவிரல் அளவுகூட இருக்காது. டப்பாவிலிருந்து ஒரு பழத்தை லபக்கென்று விழுங்கிவிட்டு மாங்கிளையில் போய் உட்கார்ந்தது. விழுங்கியது சீக்கிரமே வெளியே வந்தது. ஆனால் விதை பிசின் மாதிரி வாலடியில் ஒட்டிக்கொண்டு விழமாட்டேன் என்றது. குருவி கிளையில் இப்படித் தேய்த்தது, அப்படித் தேய்த்தது, நாட்டியமே ஆடிவிட்டது. விதை கிளையில் ஒட்டிக்கொண்டதும் விட்டது சனியன் என்று பறந்தது.

"அட! நடுறதில்லையா? ஒட்டுறதா?" மீட்டர்காரர் துள்ளினார். நல்லவேளை, குருவிக்கு இருக்கும் கஷ்டம் தமக்கு இல்லை, கை இருக்கிறது.

பழத்தைப் பிதுக்கினார். விதை வந்தது. கிளையில் வைத்து அழுத்தினார். விரலை எடுத்தார். விதையும் விரலோடு வந்தது. இன்னொரு விரலால் தள்ளினார். அதில் ஒட்டியது. அதைச் சட்டையில் தேய்த்தார். சட்டை கையோடு வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் மூக்குக்கண்ணாடியில் இரண்டு, ரிமோட்டில் ஒன்று, புருவத்தில் ஒன்று, மாத்திரைப் பட்டையில் மூன்று என்று மரத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் அமோகமாக விதைத்துவிட்டார்.

வேலையை முடித்துக்கொண்டு உள்ளே வந்து படுத்ததும் காலிங் பெல் அடித்தது.

மீட்டர்காரர் எழுந்தார் என்றா சொல்ல முடியும்? எறியப்பட்டார். அடித்த பெல் நிற்கவில்லை. இவ்வளவு ஆசையாக விடாமல் பெல் அடிப்பவர் யாராக இருக்கும்! ஓடிக்கொண்டே தலையைக் கோதிக்கொண்டார் (கோதிய கை தலையிலேயே சற்று ஒட்டியது). கதவைத் திறந்தார். வாசலில் யாரும் இல்லை. கேட்டில் யாரும் இல்லை. தெருவிலும் இல்லை. பெல் மட்டும் அது பாட்டுக்கு அலறிக்கொண்டிருந்தது. உள்ளே வரும்போது அவரே கைபட்டு விட்டுப்போன ஒரு விதை, பெல் பித்தானை உள்ளே அமுக்கியபடி ஒட்டிக்கொண்டிருந்தது.

உடனே எடுத்துவிடலாம்தான். சற்று நேரம் அடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டாள். "வேற என்னப்பா?"

"விதைச்சிருக்கேன்."

"என்னது?"

"பிடிச்சா சொல்றேன்."

"அப்பா, நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

முதலில் அடிமரத்தில் ஒட்டினார். தடித்த பட்டை, ஒன்றும் பிடிக்கவில்லை. பெரிய கிளைகளில் ஒட்டினார். எறும்பு தூக்கிக்கொண்டு போனது. கடைசியில் விரல் பருமன் இளங்கிளைகளாகப் பார்த்து ஒட்டினார். மழை வந்தது. ஒரு காலையில் ஏணியேறிப் பார்த்தால், ஒரு விதை பச்சையாக ஒரு சின்னக் கொக்கியை நீட்டி, வளைத்து, மரப்பட்டையைத் தொட்டுக்கொண்டு நின்றது. 'வீட்ல யாராவது இருக்கீங்களா?' என்று கதவைத் தட்டுகிற மாதிரி. முப்பது வருஷம் கதவு தட்டினவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"திறப்பாங்க, திறப்பாங்க. கொஞ்சம் பொறு," என்றார் அதனிடம்.

ஆனால் மாமரம் லேசில் திறக்கவில்லை. கிழட்டு மரம், வீம்பு பிடித்தது. மாசங்கள் போயின, கொக்கி கொக்கியாகவே நின்றது.

இலை விட்டது வேறு இடத்தில்.

பக்கத்து வீடு பல் டாக்டர் வீடு. வீட்டு முன்னறையிலேயே பல் பிடுங்குவார். தோட்டத்தில் அவர் உயிரையே வைத்து வளர்த்த ஒட்டுமாங்கன்று ஒன்று மதமதவென்று நின்றது. மீட்டர்காரர் டப்பாவைத் திறந்தபடி மதில்மேல் வைத்துவிட்டுப்போன ஒரு நாளில், அந்தக் குருவி தன் சொந்தபந்தத்தையெல்லாம் விருந்துக்குக் கூட்டிவந்திருக்கிறது. சாப்பிட்ட கூட்டம் மொத்தமும் கைகழுவின இடம் டாக்டரின் ஒட்டுமாங்கன்று. ஒட்டு மரத்துக்கு ஒட்டிக்கொள்பவர்களிடம் தாராளம் போலும். கொத்துக்கொத்தாக இலை விட்டுவிட்டது.

மீட்டர்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் டாக்டர் மரம்தான் முதலில் கண்ணில் படும். மேடம் இறங்குவார். பெல் அடிப்பார். எந்த வீட்டில்? டாக்டர் வீட்டில்! பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஒரு தடவைக்கு ஒரு கொத்து, விதி ஏழு! டாக்டரிடம் நாற்காலி வேறு நிறைய இருக்கிறது. அதில் ஒன்று மேலே ஏறும், கீழே இறங்கும், பின்னால் சாயும். பழைய பேப்பர் உட்கார்ந்த நாற்காலி அதனோடு போட்டிபோட முடியுமா?

டாக்டர் யாருடைய கடைவாய்ப் பல்லோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மீட்டர்காரர் கொக்கிக்கம்போடு மதில்மேல் ஏறினார். கொத்தில் கொக்கியை மாட்டி இழுத்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தார். மடேரென்று கொத்து வந்தது. கூடவே கிளையும் வந்தது. கிளையோடு பிஞ்சுகளும் வந்தன. எல்லாவற்றோடும் சேர்ந்து மீட்டர்காரர், டாக்டர் வீட்டுத் தோட்டத்தில் வந்து இறங்கினார்.

கையில் குறட்டோடு டாக்டர் ஓடிவந்தார். பின்னாலேயே, வாயை ஆவென்று திறந்தபடி ஒரு நோயாளி.

"மீட்டர் சார்! என் மரத்துல என்ன பண்றீங்க?"

"ரீடிங்... இல்ல, புல்லுருவி எடுக்கறேன் டாக்டர். சும்மா ஒரு உதவிக்கு."

"புல்லுருவியா? என் மரத்துல எப்படி வந்துது?"

"அது... பறவை கொண்டு வரும்."

டாக்டர் அண்ணாந்து தன் மரத்தைப் பார்த்தார். மதிலுக்கு மேலாக மீட்டர்காரர் மரத்தைப் பார்த்தார். வீம்பு பிடித்த அந்தக் கிழட்டு மாமரம் அந்த வாரம் பார்த்துத்தானா மனசு மாறியிருக்க வேண்டும்? இளங்கிளைகளில் ஒட்டின விதையெல்லாம் ஒன்று பாக்கியில்லாமல் தளிர் விட்டிருந்தது.

"ஓஹோ! பண்ணையே அங்கதான் இருக்கா! அங்கேர்ந்துதான் எனக்கு வருது! இதைப் பாக்கவேண்டிய ஆபீஸ் என்ன தூங்குதா? இந்த ஏரியாவுக்கு யார் பொறுப்பு? அவங்க வேலையைத் தொலைச்சிட்டுத்தான் மறுவேலை. இன்னிக்கே கம்ப்ளைன்ட் கொடுக்கறேன்!"

"டாக்டர், வேணாம் டாக்டர். நானே ஒவ்வொண்ணா..."

"வாயை மூடுங்க!" என்றார் டாக்டர். அவர் தொழிலில் யாரையும் பார்த்துச் சொல்லாத வார்த்தை. பின்னால் நின்ற நோயாளிதான் சட்டென்று மூடிக்கொண்டார்.

மீட்டர்காரர் நொண்டிக்கொண்டே வீடு வந்தார். ஒரு பக்கம் சந்தோஷம், நிஜமான புல்லுருவி, நேர்மையான ரீடிங், துணி கட்டலாம். மறுபக்கம் பயம். யார் பொறுப்பு என்று கேட்டார்களானால் மேடம் பெயர்தானே வரும்? ஆயுசு முழுக்க விதி தவறாத மனுஷி. தான் டீ குடிக்க ஒரு துணை வேண்டும் என்பதற்காக அந்த அம்மாளின் வேலைக்கே உலை வைத்தாயிற்று. முந்திக்கொண்டு சொல்லியாக வேண்டும். வீட்டு விலாசம் தெரியாது. ஆபீஸுக்குப் போன் பண்ணக் கூடாது. இருக்கிற ஒரே வழி கேட்.

கைக்குட்டையைக் கட்டினார். பஸ்கள் போயின, வந்தன. யாரும் இறங்கவில்லை. கைக்குட்டை சின்னதோ என்று துண்டைக் கட்டினார். அழுக்கானதும் துவைத்துக் கட்டினார். தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திக் குரலைத் தாழ்த்தி, "யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல. இன்னும் இருக்கேன்," என்றார் மீட்டர்காரர்.

கடைசியில் பீரோவிலிருந்து இரட்டைக் கட்டிலுக்கான வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்தார். மனைவி போனபின் விரிக்காதது. ஒற்றை ஆளுக்கு எதற்கு அவ்வளவு பெரிய விரிப்பு? கேட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கட்டினார். காற்றில் அது புடைத்து, வீடே கடலுக்குக் கிளம்புகிற கப்பல் மாதிரி ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போனில், "வேற என்னப்பா?" என்றாள் மகள்.

"இலை விட்டிருக்கும்மா. ஆனா அவங்க வேலை போயிடும் போல இருக்கு."

"எவங்க வேலை?"

பெயரைச் சொல்ல மீட்டர்காரர் வாயெடுத்தார். அந்த 'எவங்க'வுக்கு ஒரு பெயர்கூடத் தமக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. மேடம் என்றுதான் தெரியும்.

இரண்டு நாள் கழித்து, டாக்டரின் புகாருக்கு ஆபீஸிலிருந்து ஆள் வந்துவிட்டான். ரம்பக்காரன் ஒருவன் டாக்டர் வீட்டு வழியாகவே வந்து, மதிலில் கால் வைத்து, மீட்டர்காரரின் மாமரத்தில் ஏறி இலைக்குள் மறைந்துபோனான். கீழேயிருந்து பார்த்தால் இரண்டு பாதம் மட்டும் தெரிந்தது. சரக் சரக்கென்று ரம்பச் சத்தம் கேட்டது. டாக்டர் கீழே நின்று, இடுப்பில் கை வைத்து, மேற்பார்வை பார்த்தார்.

மீட்டர்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, படுக்கை விரிப்பு விலகியது.

தொப்பி. காக்கிச் சட்டை. பைனாகுலர். மூச்சிரைத்துக்கொண்டு மேடம்.

"என்ன இது, இவ்ளோ பெரிய துணி? எத்தனை கொத்து? எனக்கு வைரல் காய்ச்சல், படுத்த படுக்கையா இருந்துட்டேன். இன்னிக்குத்தான் இந்தப் பக்கம் பஸ் ஏறினேன். பாத்ததும் ஓடற பஸ்லேர்ந்து..."

"மேடம், போயிடுங்க," என்று கிசுகிசுத்தார் மீட்டர்காரர். "அப்புறம் வாங்க. இப்ப வேணாம்."

டாக்டர் பார்த்துவிட்டார். காக்கிச் சட்டையைக் கண்டதும் அவர் முகம் நல்ல சொத்தைப்பல் கிடைத்தது மாதிரி மலர்ந்தது.

"வாங்க, வாங்க! இந்த ஏரியா மரத்துக்கெல்லாம் நீங்கதான் ஆபீசரா?"

மேடம் தடுமாறினார். "நான்... வந்து..."

"இந்தப் பண்ணை இத்தனை நாளா உங்க கண்ணுல படலையா? உங்க பேர் என்ன? மேலதிகாரி யாரு? இப்பவே போன் போடறேன். உங்க வேலை இருக்கா இல்லையான்னு பாத்துடறேன்!"

மேடம் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பின்வாங்கினார். மீட்டர்காரர் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. விறைப்பெல்லாம் போய், வழி தெரியாமல் வந்து நின்ற யாரோ ஒருவர் மாதிரி இருந்தார்.

"டாக்டர், போனை வைங்க!" மீட்டர்காரர் குறுக்கே வந்து நின்றார். "அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. இந்த மரத்தை அவங்க சுத்தம் பண்ணிக் கொடுத்துட்டுத்தான் போனாங்க. அப்புறம் வந்ததெல்லாம் நான் வளர்த்தது."

"எதை?"

"புல்லுருவியை."

"புல்லுருவியை யாராவது வளர்ப்பாங்களா? நாய் வளர்ப்பாங்க, மீன் வளர்ப்பாங்க."

"நாய் வளர்த்தா மேடம் வர மாட்டாங்களே, டாக்டர்."

டாக்டர் வாய் திறந்தது. ஊரார் வாயையெல்லாம் திறந்து பார்த்தவரின் வாய்க்குள் முதல் முறையாக மற்றவர்கள் பார்த்தார்கள். மேலே இரண்டு பல் கட்டினது.

மேடம் மெதுவாக மீட்டர்காரர் பக்கம் திரும்பினார். "நீங்களா வளர்த்தீங்க?"

"ஆமா."

"எதுல ஒட்டினீங்க?"

"முதல்ல அடிமரத்துல. பிடிக்கல. அப்புறம் இளங்கிளையில."

"இளங்கிளைதான் சரி," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, சட்டென்று இறுகினார். "எதுக்கு?"

மீட்டர்காரர் நிலத்தைப் பார்த்தார். "பேப்பரை எடுத்துட்டு நாற்காலியைக் காலி பண்ணி வெச்சா, உக்கார ஆள் வேணும் மேடம். சும்மா வாங்கன்னு கூப்பிட எனக்கு எந்த விதியும் தெரியல. என் மேல என்ன நடவடிக்கை வேணும்னாலும் எடுங்க. உங்க வேலைக்கு மட்டும் ஒண்ணும் ஆகக் கூடாது."

மேடம் பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். அதை வைத்துக்கொண்டு கைக்கெட்டும் தூரத்தில் நின்றவரையே வெகுநேரம் பார்த்தார். பைனாகுலருக்குக் கீழே ஒரு சொட்டுக் கண்ணீர் வந்து மோவாயில் தொங்கியது. பிறகு பைனாகுலரை இறக்கி, தொண்டையைக் கனைத்தார். பழைய விறைப்பு முழுசாகத் திரும்பி வந்தது.

"கடுமையான குற்றம். விதி முப்பத்தொண்ணு. புல்லுருவியைத் தெரிஞ்சே வளர்த்தவர் வீட்டை தினமும் ஆய்வு பண்ணணும்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை உட்பட. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. டீ இருந்தா உக்காந்தே பண்ணலாம்."

"எத்தனை நாளைக்கு மேடம்?"

"விதியில முடிவு தேதி போடல."

மேலே ரம்பச் சத்தம் நின்றது. இலைகளை விலக்கிக்கொண்டு ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அட, நம்ம மேடம்! நீங்க ரிட்டையர் ஆகி மூணு வருஷமாச்சே... அதுசரி, நம்ம ஆபீஸ்ல புல்லுருவிக்குன்னு ஏது மேடம் விதி?"